நான் திருப்பிய கிண்ணம்

ஒக். 30, வியாழன்

விடியலிலிருந்து மழை. கொடிகாமம் பஸ் பிந்தியது. செய்ய: குடைக்கம்பி, தம்பி சட்டைக்குப் பொத்தான். சனி, அவன் மருந்துக் குளிசைப் பெட்டி நிரப்ப, ஏழு நாளுக்கு ஏழு அறை.

உயர்தர வகுப்பில் எச்.ஐ.வி. பாடம். கரும்பலகையில் வைரசை வரைந்தேன், மேலே முள்ளு முள்ளாகப் புரதம். நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலத்தின் மேலிருக்கும் சிடி4 வாங்கியை (receptor) அந்தப் புரதம் முதலில் பிடிக்கும். பிடித்ததும் உருமாறும். பக்கத்திலுள்ள இரண்டாவது வாங்கியும் பிடிபட்டால்தான் வைரஸ் உள்ளே நுழையலாம்.

கடைசி வரிசையில் ஒருத்தி: "ரீச்சர், அவையள் குடிச்ச கோப்பையிலை குடிச்சால் வருமோ?"

"வராது பிள்ளை. எச்சிலாலை தொற்றாது."

எவ்வளவு திடமாகச் சொன்னேன்! தம்பிக்கு அது இருப்பது இங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். கப்பல் வேலையை விட்டு வந்த அன்றே சொன்னான். "நீ ஒராள் என்னை அருவருக்காமல் இருந்தாக் காணும் அக்கா. மருந்தைக் குடிச்சுக்கொண்டு இருந்திடுவன்."

நவ. 2, ஞாயிறு

திருவிருந்து. எங்கள் சபையில் திராட்சரசத்துக்கு இன்னும் எல்லாருக்கும் ஒரே கிண்ணம்தான். குடும்பமாக முழந்தாளிடுவது வழக்கம். அம்மா போன பிறகு நாங்கள் இரண்டு பேர். போதகர் தம்பிக்குக் கொடுத்தார், விளிம்பைத் துடைத்தார், என்னிடம் நீட்டினார்.

கிண்ணத்தைத் திருப்பினேன், அவன் வாய் வைத்த இடம் அந்தப் பக்கம் போக. திருப்பியும் குடிக்கவில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

அவன் பார்த்துவிட்டான்.

சீ! பதினேழு வருடம் படிப்பித்து என்ன கண்டேன்.

வீடு வரும்வரை மயிலிட்டி மீன் விலையைப் பற்றிக் கதைத்தான்.

நவ. 3, திங்கள்

குசினியில் புதுக் கோப்பை, புதுத் தட்டு. அடியில் சிவப்புப் பெயின்ற் பொட்டு. கோப்பையைக் கையில் எடுத்தேன்.

"என்னடா இது?"

"மாறிப்போயிடக் கூடாதெல்லோ. இனி உதுதான் என்ரை."

குரலில் கோபமே இல்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அதில் அவன் குடித்த மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தேன்.

"இப்ப என்னத்துக்கு அக்கா?" என்றான்.

நவ. 5, புதன்

மழை விடவில்லை. அவனுக்குக் கிளினிக் நாள். லீவு போட்டேன். கிளினிக் கார்ட், குடை எடுத்து வைத்துக் கூப்பிட்டேன்.

"நீ பள்ளிக்கூடம் போ அக்கா. நான் வரேல்லை."

குளிசைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய். மூன்று அறையிலும் குளிசை அப்படியே.