வாஷ்பேசினில் போன மருந்து

என் வீட்டுத் தையல்காரிக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா? மெஷினில் ரொம்ப நேரம் குனிந்து உட்காராதே.

என் அறை நண்பன் தடியனுக்குக் குடலில் புற்றுநோய் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஆஸ்பத்திரி மருந்தோடு இதுவும் இருக்கட்டும் என்று நான்தான் பிடிவாதமாக மூலிகைப் பொடி வாங்கித் தருகிறேன். வீட்டுக்கு நான் அனுப்பும் பணம் குறைந்தது அதனால்தான். கோபித்துக்கொள்ளாதே.

நேற்று எங்கள் வாஷ்பேசின் அடைத்துக்கொண்டது. குழாயைக் கழற்றினால் உள்ளே அத்தனையும் அந்தப் பொடி! ஒரு பிளம்பரோடு குடியிருந்துகொண்டு பேசினில் கொட்டியிருக்கிறான், பாவி. சத்தம் போட்டேன்.

“குடிச்சா குமட்டுதுடா. வேணாம்னு சொல்ல மனசு வரல. அதைக் கரைக்கும்போதுதான் உன் மூஞ்சில கொஞ்சம் களை வருது” என்றான்.

இன்று காலை பொடி போடாமல் வெறும் வெந்நீர் கொடுத்தேன். ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “இன்னைக்கு மருந்து நல்லா இருக்குடா” என்று சிரித்தான்.

அவன் பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. நான்கு விரல் பிடித்துத் தைப்பது எப்படி என்று உடனே எழுது. துணியை வெட்டக் கூடாது. அவன் மறுபடி உடம்பு வைத்தால் தையலைப் பிரிக்க வேண்டும்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்