உன் கோப்பு கிடைத்தது

கோப்பறை,
மாவட்ட அலுவலகம், சிபண்டா.
ஜூன் 14

மதிப்புக்குரிய துணை இயக்குநர் தியமிகே அம்மையார் அவர்களுக்கு,

இப்படி அழைத்தால் உனக்குப் பிடிக்காது. தெரிந்தேதான் எழுதினேன். பதினோரு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஒரே தட்டில் சோளக்களியும் ஏரி மீனும் தின்றவளுக்கு, கோப்பைக் கேட்டு நீ அனுப்பியதும் தட்டச்சு செய்த கடிதம்தானே. சுகமா என்று ஒரு வார்த்தை இல்லை.

இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் அசல் பணிக்கோப்பு கிடைக்காத ஊழியர் யாராக இருந்தாலும் பொய்ப்பெயர் என்று சம்பளப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவார். விதியில் கையெழுத்து உன்னுடையது. இப்போது உன் கோப்பையே காணோம். அசல் தொலைந்தால் திறக்கும் தற்காலிகக் கோப்பு செல்லாது என்றும் நீயே எழுதிவிட்டாய். தலைநகர் லிலோங்வேயில் எல்லோரும் சிரிக்கிறார்களாமே. மறைக்க மாட்டேன், நானும் சிரித்தேன்.

விதி நல்ல விதிதான். இங்கே மட்டும் இதுவரை பதினான்கு பொய்ப்பெயர்கள் பிடிபட்டன. காவலாளி ப்வானாலி இறந்து ஐந்து வருடம் ஆகிறது. அவருடைய அண்ணன் அவர் தொப்பியையே போட்டுக்கொண்டு மாதா மாதம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எல்லாம் தற்காலிகக் கோப்பின் வழியாக நடந்த வேலை. நீ அனுப்பிய ஸ்கேனர் மட்டும் துணி போர்த்திக்கொண்டு இருக்கிறது. நாங்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் மின்சாரம் வருகிறது. இதை உன் மேடைப்பேச்சில் சேர்க்க மாட்டாய்.

உன் கடிதம் வந்ததும் தலைமை எழுத்தர் ம்க்வபத்திரா மூன்று நாள் அலமாரிகளைக் கலைத்தார். கடைசியில் என்னிடம் வந்து, "என்னம்மா எஸ்னாத் இது, செத்தவனுக்கெல்லாம் இங்க கோப்பு இருக்கு, உசுரோட இருக்கிறவளுக்கு இல்லையா?" என்றார். நான் தூசி தட்டிக்கொண்டிருந்தேன்.

உன் படம் செய்தித்தாளில் வந்தபோது அதை வெட்டி என் மேசைக்கு எதிரிலேயே ஒட்டிவிட்டார்கள். தினமும் உன் முகத்தில்தான் விழிக்கிறேன். ஒன்பது வருடமாக இந்தக் கோப்பறைக்கு நான் பொறுப்பு அதிகாரி. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. என் கணவரும் சாப்பிடும்போது, தியமிகே எப்படி வந்துவிட்டாள் பார் என்கிறார். எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. பொறாமைதான், தியமிகே. வேறு நல்ல பெயர் வைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் தலைநகர்ப் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம் வந்ததே, நினைவிருக்கிறதா? நம் இருவர் கோப்பையும் கேட்டார்கள். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை உன் கோப்பை எடுத்து, பணியில் இறந்தவர்களின் அடுக்கில் செருகினேன். கிழிக்கவில்லை, எரிக்கவில்லை, கோப்பறைக்காரியால் அது முடியாது. ஒரு வாரம் கழித்து எடுத்து வைத்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் உன் கோப்பு கிடைக்காததால் ம்க்வபத்திரா உனக்கு அவசரமாக ஒரு தற்காலிகக் கோப்பு திறந்து, தானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். என் கோப்பு வழக்கமான தபால் பையில் ஊர் சுற்றி, நீ தேர்வான பிறகு போய்ச் சேர்ந்தது. நான் செய்த காரியமே உன்னை ஏற்றிவிட்டது. முதலில் வெட்கத்தால் உன் கோப்பை வெளியே எடுக்கவில்லை. பிறகு நீ வளர வளர, எடுக்க மனம் வரவில்லை.

உன் விதியைப் படித்த பிறகும் ஒன்பது நாள் எடுக்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நேற்று எடுத்தேன். அலமாரிக்குப் பின்னால் விழுந்து கிடந்தது என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்கப்போவதில்லை. ஆனால் கோப்பை எடுத்தவர் பெயர் எழுதும் அட்டையில் என் பெயரையும் ஆறு வருடத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமையின் தேதியையும் எழுதிவிட்டேன். வியாழக்கிழமை பஸ்ஸில் நம் சபைப் போதகரின் மனைவி அங்கே வருகிறார். கோப்பும் இந்தக் கடிதமும் அவரிடம் இருக்கும்.

கோப்பின் கடைசித் தாளுக்கு எண் எண்பத்துமூன்று. இந்தக் கடிதத்துக்கு நான் எண் போடவில்லை. எண்பத்துநான்கு என்று போட்டு அதில் சேர்த்தாயானால், என் வேலை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். நான் மறுத்துப் பேச மாட்டேன். போடுவதானால் உன் கையாலேயே போடு, வேறு யாரிடமும் கொடுக்காதே.

கடவுள் உன்னை இன்னும் மேலே உயர்த்தட்டும். எனக்கு வயிறு எரியும், எரிந்தாலும் உயர்த்தட்டும்.

இப்படிக்கு,
உன் எஸ்னாத்