மர்ளியாவின் போஸ்டர்

2025 மார்ச் 11

கற்பிட்டிக் கிளைக் கூட்டம். பத்து வருஷமாகக் கட்சி நோட்டீஸ் எல்லாம் நான் எழுதியவை. ‘உம்மத்தே, ஒன்றுபடு!’ என்று முஸ்லிம் சமூகத்தைக் கூப்பிடுவதற்கு மேல் எனக்கு வராது. இன்று கொழும்பிலிருந்து கட்சி வக்கீல், லோயர் ரிப்கான் வந்தான். தனிமனித சுதந்திரமாம், சமத்துவமாம், மதம் பார்க்காத அரசாம். “அந்த உரிமைகளை வச்சித்தான் நம்மட உம்மத்தைக் காப்பாத்தணும்” என்றான். நான் சொன்னதுதானே? அவனுக்கு மட்டும் கைதட்டல், திரைக்குப் பின்னால் பெண்கள் பக்கமும்.

நோன்பு திறக்கையில் மர்ளியா சொன்னாள், “என்ன அழகா வெளங்கப்படுத்துறாரு!” பத்து வருஷத்தில் என் பெண்சாதி என் நோட்டீஸ் ஒன்றை முழுதாகப் படித்ததில்லை. கஞ்சிக் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

மார்ச் 17

பிரதேச சபைத் தேர்தல் பட்டியலில் சட்டம் கேட்கும் அளவுக்குப் பெண்கள் இல்லை. நம் வட்டாரத்துக்கு மர்ளியாவின் பெயரை ரிப்கானே சொன்னான். அவளும் கையெழுத்து வைத்துவிட்டாள். கிளைச் செயலாளர் நான் — என்னை யார் கேட்டார்கள்?

மார்ச் 18

காலையிலிருந்து நாலு தரம், “ரிப்கான் சொன்னாரே...” எரிகிறது. பொறாமைதான். இங்கே எழுதினால் என்ன.

ஏப்ரல் 8

இன்று போஸ்டர் கதை. ஊரில் பெண் தேர்தலுக்கு நின்றால் பெயர் அவளுடையது, படம் புருஷனுடையது. மர்ளியா தன் படத்தைக் கொண்டுவந்தாள். முகம் தெரிய, ஹிஜாபோடு. ரிப்கான் தன் பக்கம் நிற்பான் என்று அவ்வளவு நம்பிக்கை.

“முகம் ஒங்கட அந்தரங்கம். அத மறைச்சி வைக்கிறது ஒங்கட உரிமை” என்றான்.

“போடுங்க எண்டு நான்தானே சொல்றன்?”

“தங்கச்சி, நம்மட சமூகம் என்ன சொல்லும்?”

அவள் என்னைப் பார்த்தாள். செயலாளர் சொன்னால் அச்சகத்தில் அடிப்பார்கள். ரிப்கானை மடக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. ஆனால் ஊர்ச் சுவரெல்லாம் என் முகம் — பொய் சொல்லவில்லை, ஆசையாக இருந்தது. “அவர் சொல்றது சரி” என்றேன்.

ஏப்ரல் 20

கோட்டை வீதியில் மர்ளியாவின் போஸ்டர். என் முகத்துக்குப் பக்கத்தில் ரிப்கானின் முகம். அவனுடையது பெரிது.

மே 6

ரிப்கானின் பெயரை அவள் இப்போது எடுப்பதே இல்லை. என்னோடும் அளந்துதான் பேச்சு.

வாக்குப் போட்டுவிட்டுப் பத்து மணிக்கு வந்தாள். விரலில் மை.

“ஒனக்கு ஒரு வோட்டு விழுந்திச்சி” என்று பகிடி பண்ணினேன்.

“போஸ்டர்ல இருக்கிற ஆளுக்கு நான் என்னத்துக்குப் போடணும்?” என்றாள். அபாயாவைக் கழற்றி மாட்டிவிட்டு மீன் வெட்டப் போனாள்.