காய்ச்சிய உறை

நாள் 212. காலை. செவ்வாய்க் கோள், தெற்குக் கூடாரம்.
பதிவு: இசக்கியம்மாள், மண் நுண்ணுயிரியல். மூலிகைப் பாத்தி நலம். துளசி முழங்கால் உயரம். புதினாவைக் கிள்ளித் தேநீரில் போட்டேன். மட்கிய உரம் கையில் பொலபொலவென்று உதிர்கிறது. வெல்லத் தண்ணீரில் நாங்கள் வளர்க்கும் பாக்டீரியாவுக்கு 'உறை' என்று பெயர் வைத்தவள் ஜெசிந்தா. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இப்போது என்னைப்போலவே தனியாக, வடக்குக் கூடாரத்தில். அங்கே பாத்தி பிடிக்கவில்லையாம். தயிருக்குக் கேட்பதுபோலக் கொஞ்சம் உறை கேட்டாள். ட்ரோனில் ஒரு பாட்டில் நிறைய அனுப்பினேன்.

நாள் 240. மதியம்.
பூமியிலிருந்து செய்தி. சரக்குக் கலங்கள் இரண்டில் ஒன்று வழியில் வெடித்துவிட்டது. மிச்சமிருப்பதில் ஒருவருக்குத்தான் சாப்பாடு. நாள் 274-இல் மண் பரிசோதனை; எந்தக் கூடாரத்து மண்ணில் உயிர் அதிகமோ அங்கே இறங்கும். இரண்டிலும் இல்லையென்றால் இறங்காமலே திரும்பும். யாருக்கு வந்தாலும் பாதிப் பாதி என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.
"உன்ன விட்டுட்டு நான் மட்டும் திம்பேனாட்டி?" என்றாள்.

நாள் 251. காலை.
துளசி கருகுகிறது. மண்ணில் வாசமே இல்லை. நுண்ணோக்கியில் ஒன்றும் அசையவில்லை. சேமித்து வைத்த உறையும் செத்துவிட்டது. ஜெசிந்தாவிடம் நான் கொடுத்ததிலேயே கொஞ்சம் திருப்பிக் கேட்டேன். உடனே அனுப்புவதாகச் சொன்னாள். அழுதுவிட்டேன்.

நாள் 253. மாலை.
காரணம் கிடைத்தது. தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் பழசாகி, குளோரினை அள்ளிக் கொட்டியிருக்கிறது. அவளிடமும் அதே இயந்திரம்தான், கொஞ்சம் பிந்திப் பொருத்தியது. தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து, குளோரின் பறந்தபின் ஊற்றினால் போதும். பாட்டில் வந்ததும் நன்றியோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நாள் 254.
பாட்டில் வந்தது. மூடியைத் திறந்தால் வெல்லப்பாகு வாசம். உயிருள்ள உறை புளிக்கும். நுண்ணோக்கியில் எல்லாம் வெந்து கிடக்கின்றன. பாட்டிலின் அடியில் கருகிய துணுக்குகள். காய்ச்சியிருக்கிறாள்.
தரமாட்டேன் என்றிருக்கலாம். கலம் என்னிடம் இறங்கிவிடுமோ என்று பயந்துவிட்டாள் பாவம் என்று விட்டிருப்பேன். அடுப்பில் வைத்து, கிளறி, ஆறவிட்டு, மூடிபோட்டு, 'நல்லா வளரும் பாரு' என்று சீட்டும் ஒட்டியிருக்கிறாள். பாவி. என் உறையையே.

நாள் 263.
ஒரு வேளைதான் சாப்பிடுகிறேன். எழுத்து கோணுகிறது. குரல் செய்தி வந்தது:
"ஏட்டி இசக்கி, துளசி கருகுதுட்டி. மண்ணுல வாசமே இல்ல. என்ன செய்யணும்னு சொல்லு. உனக்குத் தெரியும்லா."
தெரியும்.
மைக்கைக் கையில் எடுத்தேன். வைத்துவிட்டேன்.

நாள் 264.
திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறாள். மண் பரிசோதனைக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இப்போது சொன்னால் பாத்தி பிழைக்கும். கலம் இறங்கும். அவள் சாப்பிடுவாள். சொல்லாவிட்டால் கலம் இறங்காமலே திரும்பிவிடும்.
இதைக் கண்டெடுப்பவரே, தண்ணீரைத் திறந்த வாளியில் ஒரு நாள் வைத்து ஊற்றுங்கள்.
அவளிடம் நான் சொல்லவில்லை.