சித்தியின் தேர்வு நாள்

பிப்ரவரி 9, இரவு

என் அக்காவுக்கு,

போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன், கையெழுத்தைக் கிண்டல் செய்யாதே. நீ சுகம்தானே?

சித்தி உன் தொழிலுக்கே வந்துவிட்டாள். வீல்சேரில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் ஆறு வாரப் பயிற்சி தருகிறார்கள்; அதில் சேர்ந்திருக்கிறாள். சரிவில் நாற்காலியைப் பின்பக்கமாக இறக்க வேண்டும், தொடுவதற்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைக் கேட்க வேண்டும் என்றெல்லாம் பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் ஒப்பிக்கிறாள். அந்தம்மா போனதும் நான் பழையபடி 'மூட்டை'. நேற்று பாத்ரூம் போகவேண்டும் என்று இரண்டாம் தடவை கேட்டுவிட்டேன். என் நாற்காலியைச் சமையலறையில் நிறுத்தி, எனக்கு எட்டாத பின்பக்கப் பிரேக்கைப் போட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்துகொண்டாள். "தவழ்ந்து போயேன், மகாராணி" என்றாள். தவழ்ந்தேன். மாதத்தில் அப்பா லாரியைவிட்டு இறங்கி வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் அவள் தேனாய்ப் பேசுவாள். சொன்னால் நம்புவாரா?

செய்முறைத் தேர்வுக்கு வீட்டிலிருந்தே ஆள் கூட்டிவர வேண்டுமாம். உட்காரப்போவது நான். அவளை ஏதாவது செய்ய வேண்டும்போல் இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது. பதிலை என் பெஞ்சுத் தோழி வீட்டு விலாசத்துக்குப் போடு.

உன் தங்கை


பிப்ரவரி 17

என் செல்லத்துக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இன்று என்னால் வகுப்பு எடுக்க முடியவில்லை.

நான் இங்கே நடத்துவதும் அதே பயிற்சிதான், விதியெல்லாம் மனப்பாடம். நீ சரி சொல்லாமல் அவள் கைப்பிடியைத் தொட்டால் ஃபெயில். பத்து நிமிடத்துக்குள் உன்னைச் சரிவில் இறக்கிக் கட்டிலுக்கு மாற்றாவிட்டாலும் ஃபெயில். அன்றைக்கு அவள் குடுமி உன் கையில். அதனால்தான் கெஞ்சுகிறேன்: பல்லைக் கடித்துக்கொண்டு சரி சொல்லிவிடு. பாஸானால் ஏதாவது முதியோர் இல்லத்தில் வேலை கிடைக்கும், அங்கேயே தங்கிவிடுவாள். சனியன் தொலையும். ஃபெயிலானால் அந்த வீட்டில் நீயும் அவளும்தான். என் அறை மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வேறு இடம் பார்க்கிறேன். அதுவரை பொறுத்துப் போ, கண்ணம்மா.

முத்தங்களுடன்
அக்கா


மார்ச் 22, இரவு

அக்கா,

நீ சொன்னபடி நான் செய்யவில்லை.

அப்பாவும் தேர்வுக்கு வந்திருந்தார். சித்தி புதுப்புடவையில் என் முன்னால் வந்து நின்று, "தள்ளட்டுமா, கண்ணு?" என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி கேட்டாள். தேர்வு நடத்திய அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். நாலாவது தடவை குனிந்து என் காதோரமாக, "வீட்டுக்குத்தானே வரணும், அங்க இருக்கு உனக்கு" என்றாள். முதுகெல்லாம் வியர்த்துவிட்டது. அப்படியும் பேசவில்லை. ஏழு நிமிடம் பொறுத்தவள் கடைசியில் கைப்பிடியைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார். ஏன் பதில் சொல்லவில்லை என்று என்னைக் கேட்டார்.

"இவங்க என்னைக் கேட்டு நான் பார்த்ததே இல்ல, மேடம். இன்னும் ரெண்டு தடவை கேக்கட்டும்னு இருந்தேன்."

அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதியோர் இல்லத்தில் இருப்பவர்களைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று நினைத்துவிடாதே. அவர்கள் ஞாபகமே எனக்கு வரவில்லை. அவள் மூஞ்சி சுருங்குவதைப் பார்க்க ஆசைப்பட்டேன், பார்த்தேன். ராத்திரி படுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன்.

மூன்று மாதம் கழித்து மறுதேர்வு. அப்போதும் இதே ஆள்தான் உட்கார வேண்டுமாம். எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

அப்பா நேற்று லாரி எடுத்துக்கொண்டு போய்விட்டார். சித்தியின் காலடிச் சத்தம் கேட்டால் இப்போதும் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறேன். ஆனால் அவள் என்மேல் கை வைக்கவில்லை. பொறுத்துப் போ என்று இனிமேல் எழுதாதே. இடம் கிடைத்தால் எழுது. அவசரமில்லை, மறுதேர்வு முடியட்டும்.

இன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு கட்டிலருகே வந்து, சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். எனக்கு நல்ல பசி. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் படித்தேன், அடுத்த பக்கத்தையும் படித்தேன். தட்டோடு நின்றுகொண்டே இருந்தாள்.

உன் தங்கை