கல்லறைத் திருநாளும் உன் கம்பெனி டப்பாவும்

ஏற்காடு,
நவம்பர் 9

அன்பு மகன் கிறிஸ்டோவுக்கு,

இறைவன் அருளால் இங்கே நான் சுகம், முழங்கால் மட்டும் பனியைக் கண்டால் முணுமுணுக்கிறது. சிங்கப்பூரில் நீயும் தேவகுமாரியும் நலமாக இருக்க தினமும் செபிக்கிறேன். முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். ஏரிக்கரையில் உள்ள உங்கள் கம்பெனி பர்கர் கடையில் நான் மேனேஜர் முகத்தில் டப்பாவை வீசியதாக உன் சித்தி சாந்தாமேரி போனில் சொன்னாளாம். நான் வீசவில்லை. கழுவித் துடைத்து, அளவு பார்த்து அடுக்கி, கல்லாப் பெட்டி பக்கத்தில் வைத்தேன். கான்வென்டில் படித்தவள் எதையும் வீச மாட்டாள்.

நடந்தது இதுதான். எங்கள் டப்பா பிளாஸ்டிக் இல்லைம்மா, சோளத்தில் செய்தது, புதைத்தால் மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும் என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, அதை நம்பித்தான் மே மாதம் பங்குத் திருவிழா விருந்துக்கு நான் அந்த டப்பாக்களை வரவழைத்தேன். வழக்கமாக இலை தைத்துத் தரும் வெள்ளையன் மாரமங்கலத்திலிருந்து கொண்டு வந்த தைத்த இலைக் கட்டை, காலம் மாறிவிட்டது என்று திருப்பி அனுப்பினேன். விருந்து முடிந்ததும் கல்லறைத் தோட்டத்து ஓரத்தில் குழி வெட்டிப் புதைக்கச் சொன்னதும் நான்தான், என் மகன் அந்தக் கம்பெனியின் ஹெட் ஆபீஸில் சுற்றுச்சூழல் பிரிவில் இருக்கிறான் என்று பங்குச் சாமியாரிடம் இரண்டு முறை சொன்னதும் நான்தான். இந்த வருட மழை உனக்குத் தெரியுமே, குழியை மூடிய மண்ணையெல்லாம் அரித்துவிட்டது. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தியும் பூவுமாக வந்து நின்றபோது, ஓரத்தில் இருக்கும் உன் அப்பாவின் கல்லறைத் தலைமாட்டில் டப்பாக்கள் வெள்ளை வெளேரென்று எழுந்து உட்கார்ந்திருந்தன. மூடியில் உங்கள் கம்பெனியின் பச்சை இலைப் படம்கூட அழியவில்லை. பக்கத்து வீட்டு செல்வமேரி சும்மா இருப்பாளா, ஏனுங்க அக்கா, கடைசித் தீர்ப்பு நாளுக்கு முன்னாலயே உங்க பையன் டப்பா உயிர்த்தெழுந்திருச்சுங்களே என்றாள். சாமியாரே சிரித்துவிட்டார்.

மறுநாள் எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நவம்பர் குளிரில் உள்ளே ஏசி ஓடுகிறது, அதற்குக் கீழேயே மின்சாரத்தைச் சேமிப்போம், மலையைக் காப்போம் என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். மேனேஜர் தனபால் சேலத்திலிருந்து புதிதாக வந்த பிள்ளை, மரியாதை தெரிந்தவன். கோவிச்சுக்காதீங்கம்மா, உக்காந்து ஒரு கோல்டு காபி குடிங்க என்று காகிதக் குழல் போட்டுக் கொடுத்தான். பாதி காபி குடிப்பதற்குள் அந்தக் குழல் வாயிலேயே கூழாகிவிட்டது. உங்கள் கம்பெனியில் மக்கக்கூடிய பொருள் ஒன்றாவது இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். பிறகு அவன் சொன்னான், இந்த டப்பா மண்ணுல மக்காதுங்கம்மா, அதுக்குன்னு இருக்கற மெஷின்ல நொம்ப சூட்டுல போட்டாத்தானுங்க மக்கும், அந்த மெஷின் இந்தப் பக்கம் எங்கயும் இல்லீங்க, ஹெட் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயந்தானுங்களே என்று. நான் காபிக்கு நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். உன் பெயரைச் சொல்ல இடம் இருந்தும் சொல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை கண்ணு.

வேறு சேதி, மஞ்சக்குட்டை ரோடு மறுபடியும் சரிந்து ஜீப் போவதில்லை. உன் சித்தி மகள் அபிஷாவுக்கு நர்சிங் சீட் கிடைத்துவிட்டது, வாழ்த்துச் சொல். மிளகு காய்ந்ததும் அனுப்புகிறேன், துணிப் பையில்தான்.

கிறிஸ்துமஸ் விருந்துக்கு இலையா டப்பாவா என்று பேச, மாதக் கடைசியில் பங்குக் கூட்டம். எல்லார் முன்னாலும் நான் எழுந்து பதில் சொல்ல வேண்டும். என் மகன் தெரியாமல் சொன்னான் என்றால் அப்படியே சொல்வேன். தெரிந்தே சொன்னான் என்றால் அதையும் சொல்வேன். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது சொல்ல மட்டும் எனக்கு வராது. தாமதமாகச் சாப்பிடாதே, உங்கள் கடையில் சாப்பிடவே சாப்பிடாதே. மாதா உங்கள் இருவரையும் தன் நிழலில் வைத்துக் காக்கட்டும்.

போனில் கேட்டால் உனக்கு சிக்னல் போய்விடும். அதனால், மூன்று மாதத்தில் மண்ணாகிவிடும் என்று என்னிடம் சொன்ன அன்றே, அந்த டப்பா மண்ணில் மக்காது என்பது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்று உன் கையால் தாளில் எழுதி, கூட்டத்துக்கு முன் வந்து சேரும்படி அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஆன்மேரி பெரியநாயகம்