வியாழக்கிழமை ரசம்

என்னங்க,

நூலகத்தில் வாசகர் கூட்டம், கிளம்பிவிட்டேன். வல்லத்திராக்கோட்டையிலிருந்து மாமா பத்து மணி பஸ்ஸில் வருகிறார். ரசமும் வாழைக்காய் வறுவலும் அடுப்படியில் இருக்கின்றன.

ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த "மாமனார், ரசம், வியாழக்கிழமை. யாருக்கும் சந்தேகம் வராது" சீட்டு என் புது நாவலுக்கான குறிப்பு. அதைப் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டது நீங்கள்தானே? நேற்று மாமா போனில், "எனக்கு ரசமெல்லாம் வேணாம் ஆத்தா, மோரே போதும்" என்கிறார். இன்று வியாழக்கிழமை வேறு. அவர் கண்ணெதிரே நீங்களே முதல் டம்ளர் குடித்துக் காட்டுங்கள்.

கலைமதி

பி.கு.: கணவனையும் கொன்றால் கதை விறுவிறுப்பாகும் என்கிறார் பதிப்பாளர். நான் இன்னும் சம்மதிக்கவில்லை. மாடியில் காயும் துணியை மறக்காமல் எடுத்து வையுங்கள்.